ராமானுஜன் தவறவிட்ட அந்த ஒரு நம்பர்!

293318625600. ஏதோ பேங்க் அக்கவுன்ட் நம்பர்னு நினைச்சுடாதீங்க. 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. கணிதமேதை ராமானுஜனின் கண்ணுக்கே தப்பிய எண் இது.

ராமானுஜன்னாலே 1729-ம், டாக்ஸியும்தான் ஞாபகத்துக்கு வரும். அதைக் கொஞ்சம் ஓரமா வைங்க. இது வேற கதை.

1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் ஸ்காலர்ஷிப் போனது. பச்சையப்பன் கல்லூரியிலும் ஃபெயில். 1909-ல் கல்யாணம், மனைவி ஜானகிக்கு அப்போ 10 வயசு. பேப்பர் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் குறித்துவைத்தவர். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலை, மாசம் 30 ரூபாய். மறு வருஷம் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம், 1914-ல் கப்பல். இதெல்லாம் நீங்க சினிமாவிலேயே பார்த்திருப்பீங்க.

அங்கே போய் அவர் எழுதிய பெரிய கட்டுரை 'ஹைலி காம்போசிட்' எண்களைப் பற்றியது. பயப்படாதீங்க, ஸ்கூல் கணக்குதான். பகா எண்ணை 1-ம் அதே எண்ணும் மட்டும்தான் மீதியில்லாமல் வகுக்கும். இது அதுக்கு நேர் எதிர். 12-க்கு 6 காரணிகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. 24-க்கு 8, 60-க்கு 12. இப்படித் தனக்குக் கீழே இருக்கும் எல்லாரையும் காரணிக் கணக்கில் தோற்கடிக்கும் எண்கள்தான் இவை.

இவற்றைப் பகா எண்களாக உடைத்தால் ஓர் ஒழுங்கு தெரியும். 2, 3, 5, 7 என வரிசையில் எதையும் தாண்டாது. அடுக்குகள் படியிறங்குமே தவிர ஏறாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்பவும் 1. விதிவிலக்கு 4, 36 இரண்டு மட்டும்தான். இதையும் நிரூபித்தார் ராமானுஜன். கால்குலேட்டர்கூட இல்லாத 1915-ல், 6746328388800 வரை 102 எண்களைப் பட்டியலும் போட்டார். விட்டுப்போனது ஒண்ணே ஒண்ணு. முதல் வரியில் பார்த்தோமே, அதுதான். அதற்கு 5,040 காரணிகள். அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்க (போன் கையில்தானே இருக்கு!), பட்டியலின் கடைசி எண் வரும். எனக்கு இந்தத் தவறு ரொம்பப் பிடிச்சிருக்கு. மெஷின் இல்லை, கையால போட்ட மனுஷன்னு காட்டுது.

காலேஜில் தேறாதவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கித் தந்ததும் பெரும்பாலும் இந்தக் கட்டுரைதான். ஆனா, அதுவும் முழுசா அச்சாகலை. முதல் உலகப் போர் நேரம். லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பணமுடை. கட்டுரையை வெட்டிவிட்டார்கள்.

சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், குளிர், தனிமை. உடம்பு விழுந்தது. 1918-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனார். 1919-ல் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். படுக்கையிலும் ஜானகியிடம் பேப்பர் கேட்டுக் கேட்டு எழுதினார். 1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டில் இறந்தபோது வயசு 32.

ஜானகி தையல் வேலை செய்து பிழைத்தார். அவர் மறைந்தது 1994-ல். வெட்டப்பட்ட அந்தப் பக்கங்கள் விளக்கக் குறிப்புகளோடு ஒரு கணித இதழில் வந்தது 1997-ல். இதழின் பெயர், 'தி ராமானுஜன் ஜர்னல்'.