நூலக அலமாரியில் கிடைத்த உறவு – தொமாஸ் ரிவேரா

மேற்படிப்புக்கு வெளியூர் போன நம்மவர்களுக்குத் தெரியும், முதல் வருஷம் பாடத்தைவிடத் தனிமைதான் பெரிய பாரம். அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் கூலிக் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் போன ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

தொமாஸ் ரிவேரா 1935 டிசம்பர் 22-ல் டெக்சஸ் மாநிலம் கிறிஸ்டல் சிட்டியில் பிறந்தார். பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். வருஷா வருஷம் அறுவடை வேலை தேடி அயோவா, மின்னசோட்டா என்று வடக்கே கிளம்பிவிடுவார்கள், பையனும் கூடவே. கல்லூரியில் சேர்ந்த பிறகும் கோடையில் வயல்வேலைதான்.

1958-ல் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கினார். ஆனால் படித்த புத்தகம் எதிலும் தன் ஜனங்களைக் காணோம். அந்தச் சமயத்தில் ஒரு நூலகத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவர் கையில் அமெரிக்கோ பாரெடெஸ் எழுதிய ஆராய்ச்சி நூல் அகப்பட்டது. எல்லைப்புற மெக்சிகோ வம்சத்தார் பாடும் கதைப்பாடலின் நாயகன் கிரெகோரியோ கோர்டேஸைப் பற்றியது. எழுதியவரும் தென் டெக்சஸ்காரர்! தன் ஜனங்களும் முழு மனிதர்களாகப் புத்தகத்தில் இடம்பெறலாம் என்று ரிவேராவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுதவும் துணிந்தார்.

பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே படிப்பைத் தொடர்ந்து, 1969-ல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கூலிக் குடும்பங்களைப் பற்றி ஸ்பானிய மொழியில் எழுதிய நாவலுக்கு 1970-ல் முதலாவது கின்டோ சோல் பரிசு கிடைத்தது. அதே 1969-ல் இல்லினாய்ஸில் டாக்டரானவர் ரொலாண்டோ இனொஹோசா. அவரும் தென் டெக்சஸ்காரர்தான். இருவரும் நெருங்கிய சிநேகிதர்களானார்கள். பரிசு வாங்கிய கையோடு ரிவேரா சும்மா இருந்துவிடவில்லை. நண்பரின் எழுத்து கின்டோ சோல் பதிப்பகத்துக்குப் போனது இவர் கொடுத்த தூண்டுதலால்தான். 1972-க்கான பரிசு இனொஹோசாவுக்கே! போட்டியாளனாகப் பார்க்காமல் கைதூக்கிவிடுகிற சிநேகிதம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்க?

1979-ல் ரிவர்சைடிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்ஸலரானார். நம்ம ஊர்க் கணக்கில் துணைவேந்தர் மாதிரி. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் மெக்சிகோ-அமெரிக்கர் அவர். நிர்வாக வேலை எழுத்தை விழுங்கிவிட்டதோ என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இரண்டாவது நாவலை அவர் வெளியிடவே இல்லை.

1984 மே 16-ல் மாரடைப்பு. வயசு 48. மறு வருஷம் ரிவர்சைடின் பெரிய நூலகத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1987-ல் அவருடைய நாவல் ஆங்கிலத்தில் புது உருவம் எடுத்து வந்தது. எழுதித் தந்தவர் இனொஹோசா.