மதுரவாயலில் வாழ்ந்த டாக்டர் ஜானகி அம்மாள்



நம்ம செம்பரம்பாக்கத்திலிருந்து கோயம்பேடு போற பஸ்ஸில் எல்லோரும் போயிருப்பீர்கள். பூந்தமல்லி, வேலப்பன்சாவடி, வானகரம் தாண்டினால் மதுரவாயல். அங்கே பஸ் நகராமல் நின்றால் டிராஃபிக்கைத் திட்டுவோம், அவ்வளவுதான். அந்த மதுரவாயலில் உலகப் புகழ் பெற்ற ஒரு தாவர விஞ்ஞானி வாழ்ந்தார் என்று எனக்கும் போன மாதம் வரை தெரியாது. அவர் பெயர் டாக்டர் ஈ.கே. ஜானகி அம்மாள். அவர் செய்த ஆராய்ச்சிகள் நிறைய. ஆனால் நான் முக்கியமாக எழுத வந்தது, நொடித்துப் போயிருந்த ஒரு அரசு ஆராய்ச்சி நிறுவனத்தை அவர் எப்படி எழுப்பி நிறுத்தினார் என்பதைப் பற்றித்தான்.

ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று தலசேரியில் பிறந்தார். இப்போது அது கேரளா. அப்போது சென்னை மாகாணம். அப்பா நீதித்துறையில் இருந்தவர், செடி, பறவை என்றால் ஆசை உள்ளவர். மகள் சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். கல்யாணம் வேண்டாம், படிப்புதான் வேண்டும் என்று அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1931இல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலப்பு செய்து பார்த்தவர் அவர். பெண் என்பதாலும் சாதியாலும் அங்கே மனக்கஷ்டம் பட்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அடுத்து இங்கிலாந்து. அது இரண்டாம் உலகப் போர் காலம். ராத்திரி குண்டு விழுந்தால் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வார். காலையில் உடைந்த கண்ணாடியைப் பெருக்கிவிட்டு மறுபடி வேலை! 1945இல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கை எல்லாம் அடங்கிய ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். ஒரு அணிலையும் இந்தியாவிலிருந்து ஒளித்துக் கொண்டுபோய் வளர்த்தாராம். இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். நாடு முழுக்க என்னென்ன செடி கொடி இருக்கிறது என்று தேடிப் பதிவு செய்ய, வெள்ளைக்காரர்கள் 1890இல் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைத் தொடங்கினார்கள். பெயர்தான் பெரிசு. அதற்கென்று தனியாக ஆட்கள் அதிகம் இல்லை. கல்கத்தா தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்ட அதிகாரியே இதற்கும் தலைவர். மற்ற ஊர்களிலும் வேறு வேலையில் இருந்த அதிகாரிகளே இதையும் சேர்த்துப் பார்த்தார்கள். நம்ம ஹெச்.எம். கையில் தபால் ஆபீஸையும் ரேஷன் கடையையும் சேர்த்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அது மாதிரிதான். சுதந்திரம் வந்த சமயத்தில் தலைவர் நாற்காலியே காலி. சேகரித்த செடிகளில் நிறைய லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய்விட்டன. நம்ம ஊர் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள லண்டன் போகணும்!

1951இல் பிரதமர் நேரு ஜானகி அம்மாளை இந்தியாவுக்கு வரச் சொன்னார். 1952 அக்டோபரில் அவரைத் தனி அதிகாரியாகப் போட்டாங்க. வயது 54. அந்த வயதில் சொந்த ஆராய்ச்சியைக் குறைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்க வந்தார். ஆள், இடம், பணம் மூன்றுக்கும் திட்டம் போட வேண்டியிருந்தது. கல்கத்தா சௌரங்கி சந்தில் ஆபீஸ். வாசல் தெரு குப்பையாகக் கிடந்தால் அவரே நீளமான துடைப்பத்தை எடுத்துப் பெருக்குவார் என்று சொல்வார்கள். பெரிய அதிகாரியே பெருக்கும்போது மற்றவர்கள் சும்மா நின்றிருப்பார்களா என்று நான் நினைத்துப் பார்த்தேன்.

1954 மார்ச் 29 அன்று மத்திய அரசு சீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இதற்குப் பிறகு மத்திய அரசின் பணம், சொந்த ஊழியர்கள், சொந்தக் கிளைகள். 1955இல் கோயம்புத்தூரிலும் புனேயிலும், 1956இல் ஷில்லாங்கிலும் டேராடூனிலும் கிளை திறந்தார்கள். 100 வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சென்னை மாகாணத்து உலர்ந்த செடித் தொகுப்பும் கோவைக் கிளையிடம் வந்தது. இனிமேல் தென்னிந்தியச் செடிக்குப் பெயர் தெரியணும்னா கோவைக்குப் போனால் போதும்.

இவ்வளவும் செய்தவரைத்தானே தலைவராகப் போட்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. 1954இல் தலைமைத் தாவரவியலாளர் பதவி சாந்தாபாவ் என்ற பாதிரியாருக்குப் போனது. அவர் ஸ்பெயினில் பிறந்தவர், பம்பாயில் பாடம் நடத்தியவர், நல்ல அறிஞர்தான். ஆனால் கியூ தோட்டத்தில் பயிற்சி எடுத்தவர். கியூவைச் சாராமல் நாமே நிற்கணும் என்று பாடுபட்ட ஜானகி அம்மாளுக்கு இது பெரிய அடி. நண்பர் டார்லிங்டனுக்கு வேதனையோடு கடிதம் எழுதினார். படிக்கும்போது எனக்கே கோபம் வந்தது. அவர் கோபித்துக்கொண்டு லண்டனுக்குத் திரும்பிப் போகவில்லை. அதே துறையின் மத்திய ஆய்வகத்தை அலகாபாத்தில் நடத்தினார். பிறகு ஜம்முவில் வேலை செய்தார்.

1970இல் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தின் கள ஆய்வகம் மதுரவாயலில் இருந்தது. அங்கேயே தங்கி மூலிகைத் தோட்டம் போட்டார். கூடவே நிறைய பூனைகள். பத்மஸ்ரீ விருதும் வாங்கினார். கேரளாவில் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டில் அணை கட்டப் போவதாகச் சொன்னபோது, 80 வயதில் அதை எதிர்த்து, அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கக் கிளம்பினார்!

1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலிலேயே காலமானார். வயது 86. அதே வருஷம் நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை.

மேலே வரைந்திருப்பது, இங்கிலாந்தில் அவர் பெயரை வைத்திருக்கும் மக்னோலியா என்ற வெள்ளைப் பூ. நேரில் பார்த்ததில்லை, படத்தைப் பார்த்துத்தான் வரைந்தேன். இதழ் தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

– 9ஆம் வகுப்பு மாணவி