சிவப்பைத் தேடிய மருத்துவர் ஆண்டர்சன்

சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலத்தைக் கடக்கும் நம்மில் பலருக்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் கள்ளிச்செடியும் பூச்சியும் வளர்ப்பதற்கென்றே ஒரு தோட்டம் இருந்தது தெரியாது. அதற்குக் காரணமாயிருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர்.

1738-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அருகே பிறந்த இவர், மருத்துவம் பயின்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையில் மதராஸுக்கு வந்தார். படிப்படியாக உயர்ந்து தலைமை மருத்துவர் பதவியையும் அடைந்தார். நுங்கம்பாக்கத்தில் பரந்த நிலம் பெற்றுத் தோட்டம் அமைத்தார். ஆயினும் இன்று அவரை நினைப்பது மருந்துக்காக அன்று, பூச்சிகளுக்காகவே.

அந்நாளில் உயர்ந்த சிவப்புச் சாயம் கொச்சினீல் என்ற சிறு பூச்சியிலிருந்து கிடைத்தது. மெக்சிகோவில் கள்ளிமேல் வாழும் இப்பூச்சி ஸ்பெயின் நாட்டாரின் தனிச்சொத்து. ஒரு பவுண்டு சாயத்துக்கு ஏறக்குறைய 70,000 பூச்சிகள் வேண்டுமாம்! ஆங்கிலேயப் படைவீரரின் சட்டையோ சிவப்பு. விலை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1786-இல் மதராஸுக்கு அருகே புல்லில் ஒட்டியிருந்த ஒரு பூச்சியைக் கண்ட ஆண்டர்சன், இதுவே அது என்று மகிழ்ந்து லண்டனிலிருந்த சர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதினார். அக்கடிதங்கள் 1788-இல் மதராஸிலேயே அச்சாயின. சோதித்துப் பார்த்தபோது அப்பூச்சி சாயத்துக்கு உதவவில்லை. அவர் மனம் தளரவில்லை. கியூ தோட்டத்திலிருந்து கள்ளிச்செடிகள் வந்தன. சைதாப்பேட்டையில் தோட்டம் எழுந்தது. அதை அவருடைய உறவினரான மருத்துவர் ஆண்ட்ரூ பெர்ரி கவனித்துக்கொண்டார். செடி தயார், பூச்சிதான் இல்லை!

இதற்கிடையே வெள்ளை மெழுகைப் போர்த்துக்கொண்டு கிளைகளில் ஒட்டிவாழும் மற்றொரு பூச்சியைப் பற்றி 1791-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். முசுக்கொட்டை நட்டுப் பட்டுப்புழு வளர்க்கவும் ஊக்கமளித்தார். சிவப்பு, மெழுகு, பட்டு என்று அவர் விரும்பிய மூன்றையும் பூச்சிகள் நமக்காகச் செய்யவில்லை. மூன்றும் அவற்றின் தற்காப்பு.

கொச்சினீல் பெண்பூச்சிக்குச் சிறகில்லை. கள்ளியில் வாயை ஊன்றிவிட்டால் இடம் பெயராது. எறும்பு வந்தால் ஓட வழியில்லை. அதன் உடலிலுள்ள கார்மினிக் அமிலமே அந்தச் சிவப்பு. எறும்புக்கு அது பிடிக்காது என்பதை 1980-இல் தாமஸ் ஐஸ்னரும் அவர் குழுவினரும் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக, இவ்வமிலம் சற்று மிகுந்திருந்த பூச்சிகள் தப்பிப் பிழைத்துக் குஞ்சு பொரித்தன, குறைந்தவை இரையாயின. இவ்வாறே கவசம் வலுத்தது. ஆனால் பகைவரும் சும்மா இருப்பதில்லை. ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு கொச்சினீலைத் தின்று, அந்தச் சிவப்பையே தன்னிடம் வைத்துக்கொண்டு, தன்னைத் தாக்க வரும் எறும்பின்மேல் கக்குகிறது. திருடிய கேடயம் என்றால் இதுவல்லவா!

பட்டுப்புழுவின் கதையும் அப்படியே. கூடு கட்டியபின் அதனுள் பாதுகாப்பு உண்டு. ஊசி ஈயோ கூடு கட்டும்வரை காத்திராமல் புழுவின் தோலிலேயே முட்டையிட்டுவிடுகிறது. 1980-இல் கர்நாடகத்துக்குள் நுழைந்த இந்த ஈயால் பட்டு விவசாயிகள் பட்ட நஷ்டம் பெரிது.

ஆண்டர்சன் இவற்றை அறிந்திருக்க வழியில்லை. பரிணாமத்தை விளக்கிய டார்வின் பிறந்ததே 1809-இல்; ஆண்டர்சன் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

1795-இல் ஒருவழியாகப் பூச்சி வந்தது. கப்பலில் ரியோ டி ஜெனிரோ வழியாக வந்த நீல்சன் என்ற படைத்தலைவர் கல்கத்தாவில் இறக்கிய பூச்சிகள் மதராஸுக்கும் அனுப்பப்பட்டன. ஐயோ பாவம், அவை மெக்சிகோவின் உயர்ந்த இனம் அல்ல, காட்டினம். சாயம் மட்டமாகவே இருந்தது. எதிர்பார்த்த இலாபம் இல்லாததால் 1800-இல் தோட்டம் மூடப்பட்டு, செடிகள் பெங்களூர் லால்பாக்குக்குச் சென்றன. அவருடைய தோல்வி என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து ஆண்டுகள் ஒரு சிறு பூச்சியின்பின் அலைந்த பொறுமை எத்தனை பேருக்கு வரும்? சான்ட்ரி செதுக்கிய அவருடைய பளிங்குச் சிலை கதீட்ரல் சாலை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உள்ளது.

சாயத்துக்கு உதவாத அந்தக் காட்டினப் பூச்சி வேறொரு வேலை செய்தது. வயல்களில் பரவிய ஒரு வகைக் கள்ளியை அது தின்று அழிப்பதைக் கண்டவர்கள், 1836 முதல் 1838 வரை வட இந்தியாவிலிருந்து அதைத் தென்னாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் தாய்நாட்டுப் பகைவர்கள் இங்கு இல்லாததால் அது நன்றாகப் பெருகியது. பின்னர் இலங்கைக்கும் போயிற்று. உயிரைக் கொண்டு களையை ஒடுக்கும் முறையின் முதல் வெற்றிகளுள் ஒன்றாக அறிஞர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளியை மட்டும் அது தொடவில்லை. அதற்கு 1926-இல் இலங்கையிலிருந்து வந்த இன்னொரு கொச்சினீல் இனம் வேண்டியிருந்தது.