பின்வாசலில் ஒரு தாதி

பேராக்கில் பாப்பான் என்றொரு சிற்றூர் உண்டு. ஈயச் சுரங்கத் தொழிலால் வளர்ந்த ஊர் அது. அதன் முதன்மைச் சாலையில் 74ஆம் எண் கடைவீடு இன்றும் நிற்கிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், பகலில் அவ்வீட்டின் முன்வாசல் வழியாக ஊர்மக்கள் மருந்துக்கு வந்தனர். இரவிலோ, பின்வாசல் வழியாக வேறு சிலர் வந்தனர். இரு வாசல்களிலும் அவர்களை வரவேற்றவர் சிபில் கார்த்திகேசு என்னும் தாதி.

சிபில் 1899ஆம் ஆண்டு சுமத்திராவின் மேடான் நகரில் ஒரு யுரேசியக் குடும்பத்தில் பிறந்தார். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். 1919இல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் தேவாலயத்தில், தமிழ் மரபில் வந்த டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்தார். இருவரும் ஈப்போவில் மருந்தகம் நடத்தினர். 1941 டிசம்பரில் ஈப்போவின் மீது குண்டுகள் விழவே, குடும்பம் பாப்பானுக்கு இடம்பெயர்ந்தது.

அவ்வூரில் சீனர்களே மிகுதி. சிபில் கன்டோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். நோயால் கலங்கி வருபவரிடம் அவருடைய மொழியிலேயே எங்கே வலிக்கிறது என்று கேட்பது பாதி மருந்துக்குச் சமம் அல்லவா? பணம் இல்லாதவர்களுக்கு அவர் இலவசமாகவே மருத்துவம் பார்த்தார். இரவில் வந்தவர்கள், காட்டில் மறைந்திருந்து ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டவர்கள். காயத்தோடும் காய்ச்சலோடும் வந்த அவர்களையும் அவர் நோயாளிகளாகவே பார்த்தார். பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்பது அவருக்குத் தெரியாததன்று.

1943இல் ஜப்பானிய இராணுவக் காவல் படை அவரைக் கைது செய்தது. அவர்கள் கேட்டவை சில பெயர்களே. அடித்தனர், உதைத்தனர், சிறுமியான இளைய மகளை நெருப்புக்கு மேல் தொங்கவிட்டு மிரட்டினர். தம்மை நம்பிப் பின்வாசலுக்கு வந்தவர்களை அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

1945 செப்டம்பரில் பத்து காஜா சிறையிலிருந்து விடுதலையானபோது, முதுகெலும்பு பாதிக்கப்பட்டு அவரால் நடக்க இயலவில்லை. அதுவரை பிறரின் படுக்கையருகே நின்றவர், இப்போது தாமே படுக்கையில் கிடந்தார். சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். வீரத்திற்கான ஜார்ஜ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. உடல்நலம் மட்டும் திரும்பவில்லை. 1948 ஜூன் 12ஆம் நாள் அவர் காலமானார்.

ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், 1949இல் ஈப்போவுக்குக் கொண்டு வரப்பட்டது. அன்றைய இறுதி ஊர்வலத்தில் எல்லா இனத்தவரும் திரளாக நடந்தனர்.