தனித்து நின்ற நீதிபதி

நீதிபதிகளின் வரலாறு என்றாலே தீர்ப்புகளின் பட்டியல்தானே என்று நம்மில் சிலர் எண்ணலாம். ஜான் மார்ஷல் ஹார்லனின் வாழ்வில் ஒரு மைக்கூட்டுக்கும் இடமுண்டு.

இவர் 1833ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். வழக்கறிஞரான தந்தையின் வீட்டில் அடிமைகள் இருந்தனர். உள்நாட்டுப் போரில் ஹார்லன் வடக்குப் படையின் கர்னலாகப் போரிட்டார். ஆனால் அது நாடு பிளவுபடாமல் காப்பதற்காகவே. அடிமை முறையை ஒழித்த 13ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தை அவர் எதிர்த்தார் என்பதை நாம் மறைப்பதற்கில்லை. பின்னர் மனம் மாறினார். 1871இல் ஆளுநர் தேர்தலுக்கு நின்றபோது, தம் பழைய கருத்து தவறு என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். அத்தேர்தலில் தோற்றார். 1877இல் அதிபர் ஹேய்ஸ் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கினார்.

விடுதிகளிலும் நாடக அரங்குகளிலும் இரயில்களிலும் கறுப்பின மக்களுக்குச் சம இடம் தந்த 1875ஆம் ஆண்டுச் சட்டம் 1883இல் அம்மன்றத்தின் முன் வந்தது. எட்டு நீதிபதிகள் அது செல்லாது என்றனர். ஹார்லன் ஒருவரே மறுத்தார். ஆனால் மறுப்புத் தீர்ப்பை எழுத உட்கார்ந்தவருக்கு எழுத்து ஓடவில்லை. இரவெல்லாம் விழித்தும் பயனில்லை.

அவருடைய மனைவி மால்வினா ஒரு மைக்கூட்டை ஒளித்து வைத்திருந்தார். கறுப்பினத்தவர் குடிமக்களே அல்லர் என்று 1857இல் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ராஜர் டானியின் மைக்கூடு அது! (டானி ஒரு கத்தோலிக்கர் என்பது நமக்கு வருத்தமே.) அரிய பொருளென்று ஹார்லன் வாங்கி வைத்திருந்ததை, டானியின் உறவினரான ஒரு பெண்மணிக்குத் தருவதாக வாக்களித்திருந்தார். அதைக் கொடுக்க மால்வினாவுக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிறு காலை கணவர் ஆலயத்திற்குச் சென்றிருந்த வேளையில், அதைத் துடைத்து, மை நிரப்பி மேசைமேல் வைத்தார். மற்ற மைக்கூடுகளை அகற்றிவிட்டார். திரும்பி வந்தவர் அதைக் கண்டார். அதன்பின் பேனா தயங்கவில்லை.

1896இல் ஹோமர் பிளெஸ்ஸியின் வழக்கு வந்தது. இரயிலில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பினத்தவருக்கு வேறொரு பெட்டி என்ற லூசியானா சட்டத்தை ஏழு நீதிபதிகள் ஏற்றனர். அரசியல் சட்டத்துக்கு நிறம் தெரியாது என்ற கருத்தை எழுதி, ஹார்லன் மீண்டும் தனித்து நின்றார். அதே தீர்ப்பில் சீனரைப் பற்றி அவர் எழுதியவை இன்று படிக்கையில் நம்மைத் தலைகுனியச் செய்கின்றன.

1911ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அவர் காலமானார். பள்ளிகளில் நிற வேற்றுமை கூடாதென்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 1954இல்தான். மைக்கூட்டின் கதையை மால்வினா தம் முதுமையில் எழுதி வைத்தார். அவருடைய நினைவுகள் நூலாக வெளிவந்தது 2002ஆம் ஆண்டில்.