குருதி வகைகளைக் கண்டறிந்த கார்ல் லான்ட்ஸ்டெயினர் (1868 – 1943)

கார்ல் லான்ட்ஸ்டெயினர் 1868 யூன் 14 ஆம் திகதி ஒஸ்திரியாவில் பிறந்தார். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று 1891 இல் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் குருதி இழந்த நோயாளருக்கு இன்னொருவரின் குருதியை ஏற்றியபோது சிலர் பிழைத்தனர், சிலர் இறந்தனர். காரணம் எவருக்கும் தெரியவில்லை.

லான்ட்ஸ்டெயினர் தம்மிடமிருந்தும் சக ஊழியர்களிடமிருந்தும் குருதியைப் பெற்றார். ஒருவரின் நீர்ப்பாயத்துடன் மற்றொருவரின் செங்குழியங்களைக் கலந்து அவதானித்தார். சில கலவைகளில் செங்குழியங்கள் ஒட்டித் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. செங்குழியங்களின் மேற்பரப்பிலுள்ள பிறபொருளெதிரியாக்கிகளுடன் நீர்ப்பாயத்திலுள்ள பிறபொருளெதிரிகள் தாக்கமுறுவதே இதற்குக் காரணமாகும். உடலினுள் இவ்வாறு நிகழ்ந்தால் உயிராபத்து ஏற்படும்.

இதன் அடிப்படையில் 1901 இல் மூன்று குருதி வகைகளை வெளியிட்டார். அவை இன்று ஏ, பீ, ஓ எனப்படுகின்றன. நான்காவதான ஏபீ வகையை 1902 இல் அவரது சகாக்கள் கண்டறிந்தனர்.

இப்பணிக்காக 1930 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். 1940 இல் அலெக்சாண்டர் வீனருடன் இணைந்து றீசஸ் காரணியையும் வெளிப்படுத்தினார். 1943 யூன் 26 ஆம் திகதி நியூயோர்க்கில் காலமானார். அவர் பிறந்த தினமே உலக குருதி நன்கொடையாளர் தினமாகும்.

மாணவர்களே, குருதி ஏற்றுமுன் வகை பார்ப்பது ஏன் என வினவப்பட்டால் இப்பரிசோதனையை நினைவிற்கொள்ளுங்கள்.