மழையில் நின்ற மாவீரர்

செல்வர்களின் ஆட்டம் என்று பேர் பெற்றது கோல்ஃப். அந்த ஆட்டத்தில், கரும்புத் தோட்டக் கூலிகளின் வழியில் வந்த ஓர் ஏழை உலகப் புகழ் பெற்றார். புகழ் பெற்ற பின்னும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். அவர்தாம் தென்னாப்பிரிக்கா தந்த பாப்வா செவ்கோலம்.

நண்பர்களே! அவர் கதை அவர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒப்பந்தம் முடிந்தும் அங்கே தங்க விரும்பியோர் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி சுமத்தப்பட்டது. வரியையும் தாங்கினர், வசையையும் தாங்கினர், ஊன்றிய இடத்தில் வேர் விட்டனர்.

அவ்வாறு வேர்விட்ட குடும்பம் ஒன்றில், கண்பார்வையற்ற தாயின் மகனாகப் பிறந்தார் பாப்வா. பள்ளியில் அவர் எழுதப் படிக்கக் கற்றாரில்லை. மரக்கிளையே அவருடைய முதல் மட்டை. வெள்ளையர் ஆடும் பீச்வுட் திடலில் மட்டைப் பை சுமக்கும் வேலை கிடைத்தது. பையைச் சுமந்தவாறே ஆட்டத்தைக் கற்றார். வலக்கை ஆட்டக்காரர்கள் இடக்கையை மேலும் வலக்கையைக் கீழும் வைத்து மட்டையைப் பிடிப்பதே மரபு. பாப்வாவோ வலக்கையை மேலும் இடக்கையைக் கீழும் வைத்தார். சொல்லித் தர ஆசான் இல்லாதவருக்குத் தாமாக வந்த பிடி அது. இறுதி வரை அதை அவர் மாற்றவில்லை.

அவருடைய திறமையைக் கண்ட கிரகாம் உல்ஃப் என்னும் தொழிலதிபர் 1959-இல் அவரை ஐரோப்பாவிற்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டே டச்சு ஓப்பன் போட்டியில் வென்றார் பாப்வா. 1960-இலும், மீண்டும் 1964-இலும் அப்பட்டம் அவரையே சேர்ந்தது.

ஆனால் பிறந்த மண் என்ன செய்தது? 1963-இல் டர்பனில் நடந்த நேட்டால் ஓப்பனில் அவர் வென்றார். நிறவெறிச் சட்டம் மன்றக் கட்டடத்தின் கதவை அவருக்கு அடைத்தது. தோற்றவர்கள் உள்ளே இருந்தார்கள். வென்றவர் வெளியே கொட்டும் மழையில் கோப்பையைப் பெற்றார். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. தென்னாப்பிரிக்க விளையாட்டை உலகம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற குரலுக்கு அது வலுவூட்டியது. 1965-இல் அதே போட்டியில் புகழ்மிக்க கேரி பிளேயரையும் பாப்வா தோற்கடித்தார். அதற்குப் பரிசாகக் கிடைத்தது தடை! 1966-இல் போட்டிகளின் வாயில் அடைக்கப்பட்டது, கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. 1978-இல், ஐம்பது வயதை எட்டாமலே, வறுமையில் அவர் மறைந்தார்.

வாழ்ந்தபோது அடைத்த கதவைச் செத்த பின் திறந்து என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். நிறவெறி ஆட்சி 1994-இல் வீழ்ந்த பின் நாடு அவருக்கு விருதளித்தது. டர்பனில் ஒரு கோல்ஃப் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் பறிபோன பன்னிரண்டு ஆண்டுகளை எந்த விருதும் திருப்பித் தராது. அவருடைய மைந்தரும் தந்தையின் ஆட்டத்தையே கையிலெடுத்தார் என்பதே அக்குடும்பம் அளித்த மறுமொழி.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அருகே, ஒற்றசேகரமங்கலத்தில், வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வளர்ந்தவன் நான். பிழைப்புத் தேடிக் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள் தென்னை மட்டையை வெட்டிப் பந்தாடுவதை அங்கே இன்றும் காணலாம். அப்பிள்ளைகளின் திறமையைக் காணக் கண்களும், உள்ளே அழைக்கக் கதவுகளும் வேண்டும். பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்து வந்துவிட்ட நாம், நமக்குப் பின்னால் வருவோர்க்கு அந்தக் கதவைத் திறந்து வைப்போமா? பாப்வாவின் வாழ்வு நம்மிடம் கேட்பது அதுதான்.